காணாப் பொருளை நிறுக்கும் கணக்கு

பிரபஞ்சத்தில் உள்ள பொருளில் பெரும்பகுதி எந்தத் தொலைநோக்கிக்கும் புலப்படுவதில்லை என்று வானியலாளர் கூறுகின்றனர். அப்பொருள் ஒளியை வெளியிடுவதில்லை. தன்மீது விழும் ஒளியைத் தடுப்பதுமில்லை, தெறிக்கச் செய்வதுமில்லை. அதனையே கரும்பொருள் என்கிறோம். பிரபஞ்சத்தின் மொத்தப் பொருளில் ஆறில் ஐந்து பங்கு இத்தகையது என்பது இன்றைய கணிப்பு. இவ்வாறு கூறும் அதே வானியலாளர், நமது பால்வீதியையும் அதைச் சூழ்ந்துள்ள கரும்பொருளையும் சேர்த்து நிறுத்தால் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி சூரியன்களின் திணிவு வரும் என்று தொகையும் தருகின்றனர். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நிறுத்தது எப்படி என்ற கேள்வி எழுவது இயல்பே.

இக்கேள்வியை அலட்சியப்படுத்துவதற்கில்லை. விஞ்ஞானிகள் கூறுவனவும் ஊகந்தானே என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உண்டு. அவர்கள் சொல்லும் எண்களை வேதவாக்காக ஏற்று, அடுத்த ஆண்டு அவ்வெண் மாறும்போது ஏமாற்றமடைவோரும் உண்டு. இரு சாராரும் ஒன்றைத் தவறவிடுகின்றனர். ஒரு நிறை எவ்வாறு பெறப்பட்டது, அதில் எவையெவை அனுமானங்கள், எவ்வளவு பிழைக்கு இடமுண்டு என்பவற்றை அறிந்தால் மட்டுமே அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தீர்மானிக்க முடியும். மலையகத்தில் கொழுந்து மடுவத்தின் தராசைப் பல தலைமுறைகளாகப் பார்த்து வந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தராசு காட்டும் எண் ஒன்று. கூடைக்கும் ஈரத்துக்கும் கழிக்கப்படுவது இன்னொன்று. எவ்வளவு கழித்தார்கள், ஏன் கழித்தார்கள் என்பது தெரியாவிட்டால் துண்டில் எழுதப்படும் கிலோவுக்குப் பொருளில்லை. வானியலிலும் நிலைமை இதுவே.

சுற்றுவதைக் கொண்டு நிறுத்தல்

சூரியனைத் தராசில் வைத்தவர் எவருமில்லை. ஆயினும் அதன் திணிவை நாம் அறிவோம். பூமி சூரியனிலிருந்து சுமார் 15 கோடி கிலோமீற்றர் தொலைவில், செக்கனுக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றி வருகின்றது. இந்த வேகத்தில் செல்லும் பொருள் வெளியே ஓடிவிடாமல் இருப்பதற்கு எவ்வளவு ஈர்ப்பு வேண்டுமோ அவ்வளவு ஈர்ப்பைச் சூரியன் செலுத்துகின்றது. நியூற்றனின் விதியிலிருந்து பெறப்படும் முடிவு எளிமையானது. நடுவிலுள்ள பொருளின் திணிவு, சுற்றும் பொருளின் வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கிவரும் தொகைக்கு நேர்விகித சமமாகும்.

இதைச் சரிபார்ப்பதற்குக் கூடுதலான கணிதம் தேவையில்லை. நெப்டியூன் கோள், பூமியைப் போல 30 மடங்கு தூரத்தில், செக்கனுக்கு 5.4 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகின்றது. 5.4 ஐ 30 ஆல் வகுத்து, வர்க்கித்து, 30 மடங்கு தூரத்தால் பெருக்கினால் விடை ஏறத்தாழ 1. அதாவது ஒரு சூரியன். வெவ்வேறு தூரத்திலுள்ள இரண்டு கோள்களும் ஒரே விடையைத் தருகின்றன. சூரியக் குடும்பத்தின் திணிவு முழுவதும் அனேகமாகச் சூரியனிலேயே குவிந்திருக்கின்றது என்பது இதனால் உறுதியாகின்றது.

இப்போது இதே கணக்கைப் பால்வீதிக்குப் பிரயோகிப்போம். சூரியன் பால்வீதியின் மையத்தை ஏறத்தாழ 26,700 ஒளியாண்டு தூரத்தில், செக்கனுக்குச் சுமார் 230 கிலோமீற்றர் வேகத்தில் சுற்றுகின்றது. ஓர் ஒளியாண்டு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் போல 63,241 மடங்கு. ஆகவே சூரியனின் பாதையின் ஆரம் அத்தூரத்தில் ஏறத்தாழ 169 கோடி மடங்கு. வேக விகிதத்தின் வர்க்கம் 59. இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 10,000 கோடி. சூரியனின் பாதைக்கு உட்பட்ட பகுதியில் பத்தாயிரம் கோடி சூரியன்களின் திணிவு உண்டு என்பது பொருள்.

சூரியக் குடும்பத்தில் வெளியே செல்லச் செல்லக் கோள்களின் வேகம் குறைகின்றது. விண்மீன் மண்டலங்களில் அவ்வாறு நிகழவில்லை. வேரா ரூபினும் கென்ட் போர்டும் 1970 இல் அன்ட்ரோமீடா மண்டலத்தை ஆராய்ந்து, வெளிப்புறத்திலும் வேகம் எதிர்பார்த்தவாறு வீழ்ச்சியடையவில்லை என்பதைக் காட்டினர். வேகம் குறையாமல் தூரம் மட்டும் கூடினால், நாம் மேலே கண்ட பெருக்கல் கணக்கின்படி உள்ளடங்கிய திணிவும் கூடிக்கொண்டே போக வேண்டும். விண்மீன்கள் அருகிப்போகும் இடத்திலும் திணிவு வளர்கின்றது. அத்திணிவே கரும்பொருள் எனக் கருதப்படுகின்றது.

கூட்டத்தை நிறுக்கும் முறை

விண்மீன்களும் வாயுவும் தீர்ந்துபோகும் எல்லைக்கு அப்பால் எதைக் கொண்டு நிறுப்பது? அங்கேதான் துணை மண்டலங்கள் உதவுகின்றன. பெரிய விண்மீன் மண்டலம் எதுவும் தனியே இருப்பதில்லை. சிறிய மண்டலங்கள் பல அதனைச் சூழ்ந்து இயங்குகின்றன. பெரியது ஒன்றோ சிலவோ, அவற்றின் துணைகளோடு சேர்ந்திருப்பதை மண்டலக் கூட்டம் என்கிறோம். நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ மண்டலங்கள் சேர்ந்திருப்பின் அது மண்டலக் கொத்து.

துணை மண்டலத்தின் வேகத்தை அறிவது எவ்வாறு? வட்டகொடை நிலையத்தைக் கடந்து செல்லும் புகையிரதத்தின் ஊதல், நெருங்கும்போது உச்சமாகவும் விலகும்போது தணிந்தும் கேட்பதை நாம் அறிவோம். ஒலியில் நிகழும் இம்மாற்றம் ஒளியிலும் நிகழ்கின்றது. நம்மை நெருங்கும் மண்டலத்தின் ஒளி சிறிது நீலத்தின் பக்கமும், விலகும் மண்டலத்தின் ஒளி சிவப்பின் பக்கமும் நகர்கின்றது. டொப்ளர் விளைவு எனப்படும் இதனை நிறமாலையில் அளந்தால், செக்கனுக்கு எத்தனை கிலோமீற்றர் என்பது கிடைக்கின்றது.

கூட்டத்திலுள்ள துணைகள் ஒரே திசையில் சுற்றுவதில்லை. தேனடையைச் சூழ்ந்த தேனீக்களைப் போல ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் செல்கின்றது. ஆதலால் தனித்தனி வேகத்தைவிட, சராசரியிலிருந்து வேகங்கள் எவ்வளவு சிதறியுள்ளன என்பதே முக்கியமாகின்றது. சிதறல் அதிகமாயின் அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் ஈர்ப்பும் அதிகமாக இருந்தாக வேண்டும். இல்லாவிடின் கூட்டம் எப்போதோ கலைந்து போயிருக்கும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கூட்டத்தின் துணைகள் நடு மண்டலத்திலிருந்து சராசரியாக 10 இலட்சம் ஒளியாண்டு தூரத்தில் உள்ளன என்றும், நம் பார்வைத் திசையில் அவற்றின் வேகச் சிதறல் செக்கனுக்கு 200 கிலோமீற்றர் என்றும் கொள்வோம். டொப்ளர் விளைவு நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் வேகத்தை மட்டுமே காட்டும். மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் உள்ள இயக்கம் தெரியாது. மூன்று திசைகளிலும் இயக்கம் சமம் என்று அனுமானித்து, வேகத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்குகிறோம். விடை 1,20,000. பூமியின் வேகத்தின் வர்க்கமான 900 ஆல் வகுத்தால் 133. தூரம் பூமி–சூரியத் தூரத்தில் 6,324 கோடி மடங்கு. இரண்டையும் பெருக்க, ஏறத்தாழ 8.4 இலட்சம் கோடி சூரியன்கள். அக்கூட்டத்தின் ஒளியைக் கொண்டு அதிலுள்ள விண்மீன்களை மதிப்பிட்டால் சில பத்தாயிரம் கோடிகளுக்கு மேல் போகாது. இவ்விரண்டு தொகைக்கும் உள்ள இடைவெளியில் வாயுவுக்கு உரிய சிறு பங்கு போக எஞ்சியதே கரும்பொருள்.

இக்கணக்கை முதலில் பெரிய அளவில் செய்தவர் சுவிற்சர்லாந்து வழிவந்த பிரிட்ஸ் ஸ்விக்கி. 1933 இல் கோமா மண்டலக் கொத்தை ஆராய்ந்த அவர், ஒளியைக் கொண்டு மதிப்பிட்டதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு திணிவு இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அவர் கூறிய மடங்கு மிகையானது என்பது பின்னர் தெரியவந்தது. அக்காலத்தில் மண்டலங்களின் தூரங்கள் தவறாக அளவிடப்பட்டிருந்தன. மேலும், கொத்துகளில் விண்மீன்களைவிடப் பல மடங்கு திணிவுள்ள வெப்ப வாயு நிறைந்திருப்பது எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளின் வருகைக்குப் பிறகே தெரிந்தது. இவ்விரண்டையும் திருத்திய பின்னரும் பற்றாக்குறை நீங்கவில்லை. எண் மாறியது. முடிவு நின்றது.

நம் தலைக்கு மேலுள்ள கூட்டம்

தொலைவிலுள்ள கூட்டங்களைத் தேட வேண்டியதில்லை. நாமே ஒரு கூட்டத்தின் உள்ளே வாழ்கின்றோம். பால்வீதியும் அன்ட்ரோமீடாவும் அவற்றின் துணைகளும் சேர்ந்தது உள்ளூர்க் கூட்டம் எனப்படுகின்றது. தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையில் அமைந்த வட்டகொடைப் பகுதியில், மூடுபனியும் நிலவும் இல்லாத ஜனவரி மாத இரவொன்றில் இக்கூட்டத்தின் முக்கிய உறுப்புகள் இரண்டை வெறுங்கண்ணால் காணலாம். முன்னிரவில் வடமேற்கே உயரத்தில் மங்கலான சிறு புகைத்திட்டாகத் தெரிவது அன்ட்ரோமீடா. ஒன்பது மணிக்குப் பின் தென்திசையில், அடிவானத்திலிருந்து சுமார் 14 பாகை உயரத்தில் இருப்பது பெரிய மகெலன் மேகம். தெற்கே மலை மறைக்காத மேடொன்றில் நின்றால்தான் அது தென்படும். வட ஐரோப்பாவின் பெரிய நகரங்களிலிருந்து அதை ஒருபோதும் காணவியலாது. மலையகத்தாருக்கு அந்த வாய்ப்பு உண்டு.

அன்ட்ரோமீடாவைச் சிறு மேகம் என எழுத்தில் பதிந்தவர் பாரசீகத்தைச் சேர்ந்த வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அல் சூபி. 964 ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய நிலைத்த விண்மீன்கள் பற்றிய நூலில் அக்குறிப்பு உள்ளது. தொலைநோக்கி கண்டுபிடிக்கப்படுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, விண்மீன் அல்லாத அந்த மங்கலை விண்மீன்களிலிருந்து பிரித்துக் குறித்த கண் அவருடையது.

அவர் கண்ட அந்தச் சிறு மேகம் 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அது பால்வீதியை நோக்கிச் செக்கனுக்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர் வேகத்தில் வந்துகொண்டிருக்கின்றது. பிரபஞ்சம் விரிவடைகின்றது, மண்டலங்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன என்பது பொது விதி. அதற்கு மாறாக இவ்விரண்டும் நெருங்குவதாயின், விலகிச் சென்றவற்றை ஈர்ப்பு நிறுத்தித் திருப்பியிருக்க வேண்டும். 1380 கோடி ஆண்டுகளுக்குள் அதைச் செய்து முடிக்க எவ்வளவு திணிவு தேவை? பிரான்ஸ் கான், லோடவைக் வோல்ட்ஜர் ஆகிய இருவரும் 1959 இல் இக்கேள்வியை எழுப்பி, கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள் அதற்குப் போதா என்று காட்டினர். இன்றைய மதிப்பீடுகள் உள்ளூர்க் கூட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து இலட்சம் கோடி சூரியன்கள் என்ற அளவில் உள்ளன.

பெரிய மகெலன் மேகமோ இக்கணக்கின் இடர்களை நமக்குக் கற்பிக்கும் ஆசானாக விளங்குகின்றது. அது 1,60,000 ஒளியாண்டு தூரத்தில் உள்ள துணை மண்டலம். வானில் அது பக்கவாட்டில் எவ்வளவு நகர்கின்றது என்பதை, நித்யா கள்ளிவயலில் தலைமையிலான ஆய்வாளர்கள் ஹபிள் தொலைநோக்கியின் படங்களைக் கொண்டு 2006 இல் அறிவித்தனர். அதன் வேகம் அதுவரை எண்ணியிருந்ததைவிட மிக அதிகமாக இருந்தது. 2013 இல் திருத்திய அளவீட்டின்படி அது செக்கனுக்கு ஏறத்தாழ 320 கிலோமீற்றர். மேலே கண்ட எளிய விதியை அப்படியே பிரயோகித்தால், அதன் பாதைக்கு உட்பட்ட திணிவு 1.1 இலட்சம் கோடி சூரியன்களுக்கு மேல் வருகின்றது. வேறு வழிகளில் கிடைக்கும் மதிப்போ அதில் பாதிக்கும் குறைவு.

பிழை பெருக்கலில் இல்லை, அனுமானத்தில் உள்ளது. அந்த விதி வட்டப் பாதையில் நிதானமாகச் சுற்றும் பொருளுக்கு உரியது. மகெலன் மேகமோ தொலைவிலிருந்து விழுந்து, பால்வீதிக்கு மிக அண்மையான இடத்தைச் சற்று முன்னரே கடந்து, உச்ச வேகத்தில் செல்கின்றது. இதுவே அதன் முதல் வருகையாக இருக்கலாம் என்ற கருத்தும் வலுவாக உள்ளது. குடியிருப்பவரையும் அன்று வந்திறங்கிய விருந்தாளியையும் ஒரே கணக்கில் சேர்த்தால் வீட்டின் அன்றாடச் செலவு தவறாகவே வரும். லியோ 1 என்ற துணை மண்டலமும் இத்தகையதே. எட்டு இலட்சம் ஒளியாண்டுக்கும் அப்பால் இருந்துகொண்டு அது வேகமாக விலகிச் செல்கின்றது. அதைக் கணக்கில் சேர்த்தால் பால்வீதியின் திணிவு ஒரு தொகை, விட்டுவிட்டால் கணிசமாகக் குறைந்த இன்னொரு தொகை. ஒரே ஒரு சிறு மண்டலத்தைப் பற்றிய முடிவு முழுக் கணக்கையும் அசைத்துவிடுகின்றது.

மற்றொரு சிக்கலை விளக்கியவர் தமிழகத்தின் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 இல் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983 இல் நோபல் பரிசு பெற்றவர். பரவிக்கிடக்கும் பொருள்களின் ஊடே பெரிய பொருளொன்று செல்லும்போது அதன் பின்னால் ஓர் அடர்த்தியான தடம் உருவாகி அதனைப் பின்னுக்கு இழுக்கும் என்று 1943 இல் அவர் நிறுவினார். இயக்கவியல் உராய்வு என்று இது பெயர் பெற்றது. கனத்த துணை மண்டலங்கள் இவ்வாறு வேகம் இழந்து மையத்தை நோக்கி இறங்குகின்றன. ஆகவே எல்லாத் துணைகளும் ஒரே விதமாக இயங்குவதாகக் கொள்வது சரியாகாது. மகெலன் மேகம் இட்டுச் சென்ற அத்தகைய தடத்தின் அடையாளம், பால்வீதியின் வெளிப்புற விண்மீன்களின் பரவலில் காணப்படுவதாக 2021 இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். சந்திரசேகர் தாளில் எழுதிய உராய்வு வானில் வரையப்பட்டிருந்தது.

இலட்சக்கணக்கான மண்டலங்களின் கணக்கு

பால்வீதிக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட துணைகள் அறியப்பட்டுள்ளன. அவை அருகில் இருப்பதால் மங்கலானவையும் தெரிகின்றன. தொலைவிலுள்ள மண்டலத்துக்கோ ஒன்றிரண்டு துணைகளே புலப்படும். ஒன்றிரண்டு வேகங்களைக் கொண்டு சிதறலைக் கணக்கிட முடியாது. எனவே ஒரே அளவு ஒளியுள்ள ஆயிரக்கணக்கான நடு மண்டலங்களை எடுத்து, அவற்றின் துணைகள் யாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே கூட்டம்போலப் பாவித்துக் கணக்கிடும் முறை வகுக்கப்பட்டது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோவிலிருந்து நடத்தப்பட்ட ஸ்லோன் வான் கணக்கெடுப்பு இதற்கு வேண்டிய தரவைத் தந்தது.

இம்முறையில் மறைந்திருந்த ஒரு வழுவை, இன்று புனேயின் ஐயுகா நிறுவனத்தில் பணியாற்றும் சுர்ஹுத் மோர், பிராங் வான் டென் பொஷ் முதலியோருடன் சேர்ந்து 2009 முதல் 2011 வரை வெளியிட்ட ஆய்வுகளில் தெளிவுபடுத்தினார். அதனை லயத்துக் கணக்கொன்றால் விளக்கலாம். ஒரு லயத்தில் இரண்டு வீடுகள். ஒன்றில் ஒரு பிள்ளை, மற்றதில் ஐந்து பிள்ளைகள். வீடு வீடாகச் சென்று கேட்டால் சராசரி மூன்று பிள்ளைகள். பாடசாலையில் பிள்ளைகளை நிறுத்தி, உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டால், ஒருவர் ஒன்று என்றும் ஐவர் ஐந்து என்றும் சொல்வர். சராசரி 4.3 ஆகிவிடும். பெரிய குடும்பம் பல முறை எண்ணப்பட்டதே காரணம்.

மண்டலங்களிலும் இவ்வாறே நிகழ்கின்றது. கரும்பொருள் அதிகமுள்ள கூட்டத்தில் துணைகள் அதிகம். அவையனைத்தையும் சமமாக எண்ணினால் கனத்த கூட்டங்களே கணக்கை ஆட்கொண்டு, விடையை உயர்த்திவிடும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சம நிறை அளித்தால் வேறு விடை கிடைக்கும். மோர் குழுவினர் இரு விதமாகவும் கணக்கிட்டனர். இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாட்டையே ஒரு தகவலாகப் பயன்படுத்தி, ஒரே ஒளியுள்ள மண்டலங்கள் கரும்பொருளில் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதையும் கண்டறிந்தனர். தொல்லையாக இருந்த ஒன்று அளவுகோலாக மாறியது இவ்வாறுதான்.

இரண்டாவது தராசு

ஒரு தராசின் மீது ஐயம் எழுந்தால் வேறொரு தராசில் நிறுத்துப் பார்ப்பதே வழி. கரும்பொருளுக்கும் இரண்டாவது தராசு உண்டு. திணிவு ஒளியின் பாதையை வளைக்கும் என்பது ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கோட்பாடு. ஒரு கூட்டத்துக்குப் பின்னால் வெகுதொலைவிலுள்ள மண்டலங்களின் உருவங்கள் எவ்வளவு நெளிந்து தெரிகின்றன என்பதை அளந்தால், முன்னாலுள்ள திணிவு கிடைத்துவிடும். துணைகள் எப்படி இயங்குகின்றன, கூட்டம் நிலைபெற்றுவிட்டதா என்ற அனுமானங்கள் எதுவும் இதற்குத் தேவையில்லை. கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் பிரியம்வதா நடராஜன் இம்முறையால் கொத்துகளின் கரும்பொருளை வரைபடமாக்கியவர்களுள் முக்கியமானவர். அவர் இடம்பெற்ற குழு 2020 இல் ஓர் எதிர்பாராத முடிவையும் வெளியிட்டது. கொத்துகளில் உள்ள சிறு மண்டலங்களைச் சுற்றிய கரும்பொருட் திரள்கள், கணினி மாதிரிகள் கூறுவதைவிடச் சுமார் பத்து மடங்கு வலுவாக ஒளியை வளைக்கின்றன என்பதே அது. மொத்த நிறையில் தராசுகள் பெரிதும் உடன்படுகின்றன. உள்ளே அது எவ்வாறு பகிரப்பட்டுள்ளது என்பதில் கேள்வி மிஞ்சியுள்ளது.

நமது பால்வீதிக்கும் இத்தகைய ஒப்பீடு நடந்துள்ளது. 2013 இல் ஏவப்பட்டு 2025 இல் பணி முடித்த கயா விண்கலத்தின் தரவைப் பயன்படுத்தி, 2019 இல் துணை மண்டலங்களைக் கொண்டு பெறப்பட்ட ஒரு மதிப்பு 1.17 இலட்சம் கோடி சூரியன்கள். அதே ஆண்டில் கோள வடிவ விண்மீன் கொத்துகளைக் கொண்டு வேறொரு குழு பெற்ற மதிப்பு 1.54 இலட்சம் கோடி. இரு குழுவினரும் தத்தம் பிழை எல்லையைக் குறிப்பிட்டிருந்தனர். அவ்வெல்லைகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. 2023 இல் விண்மீன்களின் சுழற்சியைக் கொண்டு ஒரு குழு வெறும் 20,000 கோடி என்ற மிகக் குறைந்த தொகையை முன்வைத்தது. அது விவாதத்துக்கு உள்ளாகியிருக்கின்றது. பால்வீதியிலுள்ள விண்மீன்களின் திணிவு மட்டும் 5,000 முதல் 6,000 கோடி சூரியன்கள் எனப்படுவதால், அக்குறைந்த தொகையிலும் விண்மீன்கள் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

காணாததை அனுமானித்தல் எப்போதும் வெற்றி தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். யுரேனஸ் கோளின் பாதை பிசகியதைக் கொண்டு, காணாத ஒரு கோள் அதை இழுக்கின்றது என்று லெவெரியே கணித்தார். 1846 இல் நெப்டியூன் அவ்வாறே அகப்பட்டது. புதன் கோளின் பாதையிலும் ஒரு பிசகு இருந்தது. அதற்கும் வல்கன் என்ற காணாக் கோளையே அவர் காரணமாக்கினார். அப்படியொரு கோள் இல்லை. ஈர்ப்பு விதியே திருத்தப்பட வேண்டியிருந்தது என்பதை 1915 இல் ஐன்ஸ்டீன் காட்டினார். கரும்பொருள் நெப்டியூனா, வல்கனா? ஈர்ப்பு விதியை மாற்றினால் போதும் என்று மோர்தகாய் மில்க்ரம் 1983 இல் முன்வைத்த கருத்துக்கு இன்றும் ஆதரவாளர் உளர். எனினும் மோதிக்கொண்ட இரு கொத்துகளில் வாயு நடுவில் தேங்கிவிட, ஒளியை வளைக்கும் திணிவு அதைவிட்டு விலகி நின்றதை 2006 இல் ஆய்வாளர் காட்டினர். இதை விதிமாற்றத்தால் மட்டும் விளக்குவது கடினம். பெரும்பாலான வானியலாளர் கரும்பொருளின் பக்கமே நிற்கின்றனர். ஆனால் அதன் துகளை எந்த ஆய்வுகூடமும் இதுவரை பிடித்ததில்லை.

நாம் கேட்க வேண்டியவை

புதிய கண்டுபிடிப்பு எதுவாயினும் அது நமது வேதநூல்களில் முன்னரே கூறப்பட்டுள்ளது என்று காட்ட முனையும் வழக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் காணப்படுகின்றது. கரும்பொருளும் அதற்குத் தப்பவில்லை. மாறக்கூடிய ஓர் எண்ணோடு மாறாத நம்பிக்கையைக் கட்டிவைப்பது சமயத்துக்கு நன்மையன்று. நமது முன்னோரான அறிஞர் அவ்வாறு செய்யவுமில்லை. பதினோராம் நூற்றாண்டில் அல் பிரூனி, இன்றைய பாகிஸ்தானிலுள்ள நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்து, அதன் உச்சியிலிருந்து அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகின்றது என்பதையும் அளந்து, பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். பூமியை வலம் வராமலே அதன் அளவைச் சொன்ன அவர், எதை அளந்தோம், எப்படிக் கணக்கிட்டோம் என்பதையும் எழுதி வைத்தார். அதனால்தான் ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அக்கணக்கை நாம் சரிபார்க்க முடிகின்றது.

நமது தோட்டப்புறப் பாடசாலைகளில் ஆய்வுகூட வசதி குறைவு என்பது பழைய குறை. அது தீர்க்கப்பட வேண்டியதே. ஆனால் நெப்டியூனின் வேகத்தையும் தூரத்தையும் கரும்பலகையில் எழுதி, சூரியனின் திணிவைப் பிள்ளைகளைக் கொண்டே பெறச் செய்வதற்கு எவ்வித உபகரணமும் வேண்டாம். சாதாரண தர வகுப்பு மாணவன் ஒருவன் பெருக்கலும் வகுத்தலும் கொண்டு பால்வீதியை நிறுத்துவிட முடியும். அடுத்த படியாக, அந்த விடை எப்போது பிழைக்கும் என்று அவனிடம் கேட்க வேண்டும். மகெலன் மேகத்தின் கதை அதற்கு உதவும்.

எண்ணொன்றைக் கேள்விப்படும்போது, எதைக் கொண்டு நிறுத்தீர்கள், எதைக் கழித்தீர்கள், வேறு தராசில் பார்த்தீர்களா என்று கேட்கும் பழக்கம் வானியலோடு நின்றுவிடுவதில்லை. வரவுசெலவுத் திட்டத்தின் தொகைக்கும், தேர்தல் மேடையில் சொல்லப்படும் புள்ளிவிபரத்துக்கும், சம்பளத் துண்டிலுள்ள கிலோவுக்கும் அதே கேள்விகள் பொருந்தும். கரும்பொருள் என்னவென்று நம் பிள்ளைகளின் காலத்திலாவது தெரியவரலாம். அதுவரை, அதன் நிறையைச் சொல்வோர் தமது கழிவுகளையும் பிழை எல்லையையும் சேர்த்தே சொல்கின்றனர் என்பதால் அவர்களுடைய கணக்கை நாம் மதிக்கிறோம். மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்க்கும் உரிமை நமக்கு உண்டு.